லிஃபி ஆற்றங்கரையில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு

காலை எட்டரை மணிக்கு டப்ளின் நகரத்து ஓ'கானல் பாலத்தில் சற்று நேரம் நின்றால் போதும். போர்த்துகீசியம், ஸ்பானிஷ், மங்கோலியம், துருக்கி என்று வரிசையாகக் காதில் விழும். கீழே லிஃபி ஆறு பழுப்பு நிறத்தில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். மேலே கடற்காகங்கள் கத்தும். முதுகுப்பையும் கையில் காபியுமாகப் பாலத்தில் விரைகிற இளைஞர்களில் பலர் ஒன்பது மணி இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவர்கள். ஆற்றின் இரு கரையிலும், கடைகளின் மாடியிலும், வண்ணக் கதவு வைத்த பழைய ஜார்ஜியன் வீடுகளிலும் அந்தப் பள்ளிகள் நடக்கின்றன. அப்படி ஒரு மாடி அறையில்தான் நான் பாடம் சொல்லித் தருகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை அமைந்தபோது கூடவே வந்தேன். ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் நடத்திய அனுபவம் உண்டு. ஆனால் 'தண்ணீர் வேண்டும்' என்று கேட்கக்கூட இங்கிலீஷ் வராத முப்பது வயதுக்காரருக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பது வேறு தொழில். அதற்கென்று இருக்கிற செல்டா சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டுத்தான் வகுப்பறைக்குள் நுழைந்தேன்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இங்கே இங்கிலீஷ் படிக்க வருகிறவர் 25 வார வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். வாரத்துக்கு 15 மணி நேரம் பாடம். அதைக் கட்டினால் எட்டு மாதம் தங்கலாம். படித்துக்கொண்டே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு மாதமும் 40 மணி நேரம். இப்படி மூன்று முறை படிக்கலாம், மொத்தம் இரண்டு வருஷம். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ மொழி படிக்கப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது. பிரேசில்காரர்கள் என்றால் முன்கூட்டி விசா வாங்குகிற அலைச்சலும் இல்லை. அதனால்தான் என் வகுப்பில் எப்போதும் பிரேசில்காரர்கள் அதிகம். அவர்களோடு மெக்சிகோ, பொலிவியா, சிலி, துருக்கி, மங்கோலியா, ஜப்பான், கொரியா.

இந்த நாட்டில் எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம் ஒன்று உண்டு. உலகமே இங்கிலீஷ் படிக்கத் தேடி வருகிற அயர்லாந்துக்கு இங்கிலீஷ் சொந்த மொழி கிடையாது. 1937ல் எழுதிய அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி, இங்கிலீஷுக்கு இரண்டாம் இடம். ஊர்ப் பலகைகளில் மேலே ஐரிஷ், கீழே இங்கிலீஷ். ட்ராமில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தை இரண்டு மொழியிலும் அறிவிக்கிறார்கள். இறங்கி நடந்தால் காதில் விழுவதோ இங்கிலீஷ் மட்டும்தான். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்.

ஐரிஷ் இப்படி ஒதுங்கியதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு. 1831ல் இங்கே தேசியப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாடம் முழுக்க இங்கிலீஷ். பல ஊர்களில் ஐரிஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். வாயில் ஐரிஷ் வார்த்தை வந்தால் குச்சியில் ஒரு வெட்டு. பள்ளி விடும்போது வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. வீட்டுக்குப் போனால் அங்கேயும் பெற்றவர்களே வெட்டு போட்டார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்கிற பயம்தான் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது. அந்தப் பயம் வீண்போகவும் இல்லை. 1845ல் உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு அழுகியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அடி அதிகம் விழுந்தது ஐரிஷ் பேசிய மேற்குக் கரைக் கிராமங்களுக்கு. கப்பல் போய்ச் சேர்கிற ஊரில் பேச்சு இங்கிலீஷ். பிழைப்பு வேண்டுமென்றால் அந்த மொழி வேண்டும்.

லிஃபி கடலை நெருங்குகிற இடத்தில், கஸ்டம் ஹவுஸ் துறையில், அந்தப் பஞ்சத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ரோவன் கில்லெஸ்பி செய்த வெண்கலச் சிலைகள், 1997ல் வைத்தவை. எலும்பும் தோலுமான மனிதர்கள் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கப்பலை நோக்கி நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய் வருகிறது. புது வகுப்பு சேர்ந்ததும் நான் ஒரு நாள் அங்கே கூட்டிப் போவேன். பிரேசிலின் கோயாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பையன், சரியாகச் சொன்னால் இருபத்தெட்டு வயது இளைஞர், அந்தச் சிலைகளுக்கு நடுவே நின்று போனில் மொழிபெயர்ப்பைத் தட்டித் தட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இவர்களும் வேலைக்காகத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்களா, டீச்சர்?"

"ஆமாம்" என்றேன்.

"அப்படியென்றால் எங்களுக்கு முந்தின பேட்ச்" என்றார், இந்தத் தடவை போனைப் பார்க்காமல்.

பிரேசில்காரர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடுகிற அதே ராகத்தில். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வார்த்தை சில மெய்யெழுத்துகளில் முடிவதும் அவர்களுக்கு நம்மைப் போலவே ஆகாது. நாம் 'பஸ்ஸு' என்று உகரம் போட்டு முடிப்போம், அவர்கள் 'பேஸ்புக்கி' என்று இகரம் போட்டு முடிப்பார்கள். ஜப்பான்காரர்களுக்கும் இது உண்டு. அதனால் அந்தப் பாடத்தை நடத்தும்போது எனக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

புது வகுப்பில் முதல் நாள் ஒரு சிறு மௌனம் விழுவது வழக்கம். ஐரோப்பாவுக்கு வந்து இங்கிலீஷ் படிக்கப் பணம் கட்டியவர்கள், கதவைத் திறந்துகொண்டு ஓர் இந்தியப் பெண் வருவாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சிலர் வாய்விட்டே கேட்பார்கள், நீங்கள் ஐரிஷா என்று. சிலர் ஆபீஸில் போய் வகுப்பு மாற்றித் தரச் சொல்வார்கள். அந்த நாளில் மனசு சுருங்கத்தான் செய்யும். ஆனால் நான் மறைப்பதில்லை. எனக்கும் இது அம்மாவிடம் கற்ற மொழி இல்லை, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, அடி வாங்கி, ரேடியோ கேட்டுக் கற்றது என்று சொல்லிவிடுவேன். பிறவியிலேயே ஒரு மொழி வந்தவருக்கு அதில் எங்கே கால் இடறும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, 'ஐ ஹேவ் சீன்' என்கிற அந்தக் காலம். இங்கிலீஷ் வகுப்புகளில் இதைவிடப் பெரிய மேடு கிடையாது. போர்த்துகீசியத்தில் 'பார்த்தேன்' என்பதையும் 'பார்த்திருக்கிறேன்' என்பதையும் பெரும்பாலும் ஒரே இறந்தகாலத்தில் சொல்லிவிடலாம். தமிழில் அப்படி இல்லை. 'நேற்று கடலைப் பார்த்தேன்' வேறு, 'கடலைப் பார்த்திருக்கிறேன்' வேறு என்பது நம் குழந்தைக்கும் தெரியும். நான் பலகையில் ஒரு நீளக் கோடு இழுத்து, நடுவில் 'இன்று' என்று குறித்து, என் தாய்மொழியில் இந்த இரண்டுக்கும் இரண்டு வடிவம் இருக்கிறது என்று தமிழில் சொல்லியும் காட்டுவேன். வகுப்பு தமிழை வாய் பிளந்து கேட்கும். மங்கோலியாவிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர் தன் மொழியிலும் இப்படி வித்தியாசம் உண்டு என்று பலகைக்கு வந்து எழுதிக் காட்டினார். அன்றைக்கு எல்லாம் சரியாக நடந்தது. மறுநாள் அதே வகுப்பு, அதே பாடம். ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். இந்தத் தொழிலில் செவ்வாய்க்கிழமை ஏறிய மேட்டைப் புதன்கிழமை மறுபடியும் ஏற வேண்டும்.

மறப்பதற்குக் காரணம் மந்தபுத்தி கிடையாது, தூக்கமின்மை. இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர், ஓட்டலில் பாத்திரம் கழுவியவர், விடியற்காலை நாலு மணிக்கு ஆபீஸ் கூட்டித் துடைத்தவர், இவர்கள்தான் ஒன்பது மணிக்கு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் வெளிச்சம் வரும், நாலேகாலுக்குள் போய்விடும். ஈர ஜாக்கெட்டுகளை ஹீட்டர் மேல் போட்டுவிட்டு உட்காருவார்கள்; அறையெங்கும் நனைந்த துணி வாசனை. டப்ளினில் வாடகை கொடுமை. ஒரே அறையில் பங்க் கட்டில் போட்டு நாலு பேர், ஆறு பேர் தூங்குகிறார்கள். வருகைப்பதிவு 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த அனுமதிக்குச் சிக்கல். அதனால் கண் சொருகினாலும் வந்துவிடுவார்கள். பதிவேட்டில் தாமதமாக வந்தவர் பெயருக்கு நேரே குறி போடும்போது என் கை தயங்கும். ஆனாலும் போட வேண்டும். பொய்ப் பதிவு பிடிபட்டால் பாதிக்கப்படுவது மொத்தப் பள்ளியும் அதன் பிள்ளைகளும்தான்.

2014லும் 2015லும் இந்த ஊரில் பத்துக்கும் மேற்பட்ட மொழிப் பள்ளிகள் திடீர் திடீரென்று மூடின. முழுக் கட்டணமும் கட்டிவிட்டு வந்தவர்கள் பூட்டின கதவைப் பார்த்துத் தெருவில் நின்றார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கி. அதற்குப் பிறகுதான் அரசு அனுமதித்த படிப்புகளுக்கு ஒரு பட்டியல், கட்டணத்துக்குப் பாதுகாப்பு என்று விதிகளை இறுக்கினார்கள். அந்த நாட்களைப் பார்த்த ஆசிரியர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஜனவரியில் வகுப்புகள் குறைந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுத்த வார அட்டவணை வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஜூலையில் அதற்கு நேர்மாறு. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நிற முதுகுப்பையோடு வந்து இறங்குவார்கள். இரவு பத்து மணிவரை வெளிச்சம், தெருவெல்லாம் சத்தம். எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

என்னோடு வேலை பார்க்கிறவர்களில் கெர்ரி மாவட்டத்து டிங்கிள் தீபகற்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். அங்கே இன்னும் ஐரிஷ் வழங்குகிற கிராமங்கள் உண்டு. அவருக்குத் தாய்மொழி ஐரிஷ். இங்கிலீஷை இரண்டாவதாகத்தான் கற்றார். எங்கள் பள்ளியிலேயே அவர்தான் மிகச் சிறந்த ஆசிரியை என்பது என் எண்ணம். இடைவேளையில் ஊரிலிருக்கும் தன் தாயாரோடு ஐரிஷில் போன் பேசுவார். ஆசிரியர் அறையில் சட்டென்று எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். அந்த மொழியின் ஒலியில் காறலும் இழைவும் கலந்து வரும். புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஐரிஷ்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது மலை. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'த்ரீ' என்று சொல்ல ஒரு வாரம் பழக்கியிருப்பேன். கடைக்குப் போய்விட்டு வந்து, "டீச்சர், கடைக்காரர் 'ட்ரீ யூரோ' என்கிறார், மூன்றா மரமா?" என்று கேட்பார்கள். ஓட்டல் சமையலறையில் கூட வேலை பார்க்கிறவர் 'ஐ'ம் ஆஃப்டர் லூஸிங் மை கீஸ்' என்றாராம். அவர் சாவியைத் தேடிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார் ஒரு மாணவர். சாவியை இப்போதுதான் தொலைத்தேன் என்பது அதன் பொருள். கெர்ரி அம்மா வகுப்புக்கு வந்து, இது ஐரிஷ் வாக்கியம், மேலே மட்டும் இங்கிலீஷ் சட்டை போட்டிருக்கிறது என்று விளக்கினார். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த வாக்கியத்தை அந்தக் கோயாஸ்காரர் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நாள் எது என்று யாராவது கேட்டால் ஒரு புதன்கிழமையைச் சொல்வேன். பாடம், உடல்நலம். 'டூத்ஏக்', 'ஹெட்ஏக்' என்று எளிய வார்த்தைகள். பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டேயிலிருந்து வந்த பெண் ஒருவர் பின்வரிசையில் எப்போதும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. கிருமிநாசினியால் விரல் நுனிகள் வெளுத்து உரிந்திருக்கும். 'பல் ஏன் வலிக்கிறது' என்று யாரோ கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவர் எழுந்து வந்து மார்க்கரை வாங்கிக்கொண்டார். ஒரு கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டைப் பலகை நிறைய வரைந்தார். ஒரே இழுப்பில், அழிக்காமல், திருத்தாமல். எனாமல், அதற்குள் டென்டின், அதற்குள் கூழ், இரண்டு வேர், வேருக்குள் நரம்பு. சிவப்பு மார்க்கரால் சொத்தை நரம்பைத் தொடுகிற இடத்தைக் காட்டி, "ஹியர் யூ க்ரை" என்றார். ஊரில் எட்டு வருஷம் பல் டாக்டராக இருந்தவர் அவர். அது எங்கள் யாருக்கும் தெரியாது. வினைச்சொல் எல்லாம் உடைந்து வந்தது, ஆனால் குரலில் தயக்கம் துளிகூட இல்லை. நான் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வகுப்பு முடியும்வரை கேள்வி கேட்டது மற்றவர்கள், பதில் சொன்னது அவர்.

பி-1, ஏ-2 என்று நாங்கள் ஒட்டுகிற அடையாளம் ஒருவருடைய இங்கிலீஷின் அளவு மட்டும்தான். அந்த ஆளின் அளவு அதில் இல்லை. முப்பது, நாற்பது வயதில், ஊரில் பேரும் மதிப்புமாக இருந்தவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையின் வாக்கியத்துக்கு இறங்கி வந்து மறுபடி முதலிலிருந்து பேசத் தொடங்குகிறார்கள். இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசிக்கும்போது எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

ஜூன் 16 நெருங்கும்போது டப்ளினில் ஜேம்ஸ் ஜாய்ஸ் பேச்சாகவே இருக்கும். அவருடைய 'யுலிசிஸ்' நாவலின் கதை நடப்பது அந்த ஒரே நாளில், 1904ல். நாவலின் நாயகன் குடியிருந்த எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கதவை மட்டும் காப்பாற்றி ஜாய்ஸ் மையத்தில் வைத்திருக்கிறார்கள். வகுப்பைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவைப் பார்க்கப் போனேன். நாவலைப் பற்றி இந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்ற தயக்கம் இருந்தது. அதனால் ஜாய்ஸின் பிழைப்பைச் சொன்னேன். அதே 1904ல் ஊரைவிட்டுக் கிளம்பிய அவர், போலா என்ற துறைமுக ஊரிலும் பிறகு ட்ரியெஸ்ட்டிலும் பெர்லிட்ஸ் பள்ளியில் அயல்நாட்டாருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் வாழ்ந்தார். கடற்படை அதிகாரிகள், வியாபாரிகள் எல்லாம் அவருடைய மாணவர்கள். இத்தாலிய நாவலாசிரியர் இடாலோ ஸ்வேவோகூட அவரிடம் டியூஷன் படித்தவர். "அவரும் டீச்சரா? வாடகைக்குக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்கள். ரொம்பவே என்றேன். அதன் பிறகு அந்தக் கதவை அவர்கள் பார்த்த பார்வையே வேறு. "எக்கிள்ஸ் தெருவுக்கு நான் தினமும் பீட்சா கொண்டுபோகிறேன்" என்றார் கோயாஸ்காரர், அங்கே தனக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்கிற மாதிரி.

நான் வந்ததற்கு எதிர்த்திசையில் போன ஒருவரும் என் நினைவுக்கு வருவார். வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814ல் பிறந்து, இளவயதில் ஓவியம் படிக்க டப்ளினுக்கு வந்து, பிறகு அதை விட்டுவிட்டு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடியில் வந்து குடியிருந்து, 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல். தமிழைத் திணறித் திணறிப் பேசிய நாட்கள் அவருக்கும் இருந்திருக்கும். அப்போது பொறுமையாகக் காத்திருந்து கேட்ட இடையன்குடிக்காரர்கள் யார் யாரோ. அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2023 நவம்பர் 23, வியாழக்கிழமை. பார்னெல் சதுக்கத்தில் ஒரு பள்ளிக்கு வெளியே ஒருவன் கத்தியால் சின்னக் குழந்தைகளைக் குத்தினான். அந்த வழியாக உணவு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்த கையோ பெனிசியோ என்ற பிரேசில்காரர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவனை அடித்து வீழ்த்தினார். அன்று சாயங்காலம் வெளிநாட்டவர்மேல் வெறுப்பைக் கிளப்பிவிட்டு ஒரு கும்பல் நகரின் நடுவே பஸ்ஸையும் ட்ராமையும் கொளுத்தியது. கடைகளை உடைத்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வகுப்புக் குழுவில் இரவெல்லாம் செய்திகள் வந்தபடி இருந்தன. யார் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தெருவில் போகக்கூடாது, யாரோடு யார் சேர்ந்து நடக்கலாம். அவசரத்தில் எழுதிய இங்கிலீஷ், ஆனால் ஒன்றுகூடப் புரியாமல் இல்லை.

மறுநாள் காலை அறையில் பாதி நாற்காலி காலி. சப்போரோவிலிருந்து வந்த ஜப்பானியப் பெண், சரி என்று உறுதியாகத் தெரியாத எந்த வாக்கியத்தையும் வாயிலிருந்து விடாதவள், கையைத் தூக்கினாள். "நாங்கள் இங்கே இருப்பது பிடிக்கவில்லை என்றால் எதற்கு எங்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள்?" என்று கேட்டாள். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. என்னிடம் பதிலும் இல்லை. கெர்ரி அம்மா தன் வகுப்பை விட்டுவிட்டு எங்கள் அறைக்கு வந்தார். "நேற்று தெருவில் நின்ற கூட்டம் எங்கள் பேரில் பேச எங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் இங்கே எங்கள் விருந்தாளிகள். எங்கள் குழந்தைகளைக் காப்பாற்றியது உங்களில் ஒருவர்" என்று ஒவ்வொரு வார்த்தையாக, எல்லோருக்கும் புரிகிற வேகத்தில் சொன்னார். பிறகு இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து டீ போட்டோம். அன்றைய பாடம் புத்தகத்தில் இல்லை. எப்படிப் போலீசைக் கூப்பிடுவது, எப்படி உதவி கேட்பது, யாராவது திட்டினால் என்ன சொல்லிவிட்டு நகர்வது என்று பழகினோம்.

அந்தக் கோயாஸ்காரரைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஊர்க்காரர்கள் 1990களின் கடைசியிலேயே அயர்லாந்தின் மேற்கே கோர்ட் என்ற சிற்றூருக்கு இறைச்சிக்கூட வேலைக்காக வந்து நிலைத்திருக்கிறார்கள். இவருக்கும் அங்கே ஒரு சித்தப்பா உண்டு. அங்கேயே போய்ப் போர்த்துகீசியம் பேசிக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். இங்கிலீஷ் வந்தே தீர வேண்டும் என்று டப்ளினிலேயே இருந்தார். ஆனால் வெளியே கூட்டிப் போனால் ஒன்றிரண்டு வாக்கியம் வரும், வகுப்பறைக்குள் பேசமாட்டார். கேட்டால் ஒற்றை வார்த்தை. ஊரில் இவர் எப்படி என்று இவருடைய தோழர் ஒருநாள் சொன்னார். கல்யாண வீடு, துக்க வீடு எதுவானாலும் இவர் வந்தால் கூட்டம் சுற்றி உட்கார்ந்துவிடுமாம். சிரிக்க வைத்தே கொன்றுவிடுவாராம். என் வகுப்பில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த அந்த அமைதியான மனிதரும் அவரும் ஒருவர்தான் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. வேடிக்கை பேச வேகம் வேண்டும். வார்த்தையைத் தேடி நிற்கிறவன் யாரைச் சிரிக்க வைப்பது?

முகவரி கேட்கவும் வழி சொல்லவும் பழகிய ஒரு நாள் அது. எல்லோரும் 'டர்ன் லெஃப்ட்', 'கோ ஸ்ட்ரெய்ட்' என்று சொல்லி முடித்தார்கள். அவர் முறை வந்தபோது எழுந்து நின்றார். முந்தின ராத்திரி மழையில் வீடு தெரியாமல் வாடிக்கையாளருக்குப் போன் செய்தாராம். "ஈஸி, இட்ஸ் பிசைட் த பப்" என்று அந்த மனிதர் சொன்னாராம். இவர் அந்த ஐரிஷ் குரலை அப்படியே செய்து காட்டினார். பிறகு தன் குரலுக்குத் திரும்பி, மிகவும் பணிவாக, "சார், திஸ் இஸ் அயர்லாந்த். விச் ஹவுஸ் இஸ் நாட் பிசைட் த பப்?" என்றார்.

ஒரு நொடி அறை சும்மா இருந்தது. பிறகு வெடித்தது. மங்கோலியக் கணக்காளர் மேஜையைத் தட்டினார். ஜப்பானியப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு 2015ல்தான் வந்த நாடு இது. அதற்கு முன்னால் எப்படிப் பீட்சா விற்றார்கள் என்று ஒரு கதை. இடையிடையே காலம் பிசகியது. நான் குறுக்கே போகவில்லை.

பாடத்தின் கடைசியில் எழுதிய தேர்வில் நன்றாகச் செய்து பி-2 வகுப்புக்குப் போனார், கெர்ரி அம்மாவிடம். திங்கட்கிழமை காலை அவர் புது வகுப்பில் உட்கார, என் அறையில் புதிய முகங்கள்: சிலியிலிருந்து இருவர், துருக்கியிலிருந்து ஒரு தம்பதி, உலான்பாதரிலிருந்து ஒரு பெண். "ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்" என்று ஆரம்பித்தார் முதலாமவர். நான் மார்க்கரைத் திறந்தேன்.

இடைவேளையில் கெர்ரி அம்மா ஆசிரியர் அறைக்குள் வந்து பையைத் தொப்பென்று மேஜையில் வைத்தார். "உன் கோயாஸ்காரர் இருக்கிறாரே, வாயை மூடவே மாட்டேன் என்கிறார்" என்றார்.

நான் அவருக்கும் ஒரு டீ ஊற்றிக் கொடுத்து, இன்னும் சொல்லுங்கள் என்றேன்.